டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு ‘இன்சோம்னியா கோச்’ செயலி: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்டுள்ள ‘இன்சோம்னியா கோச்’ செயலிக்கு ஒரு ரேண்டும் செலவில்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சையை ஐந்து வாரப் பயிற்சியாகப் பிரித்துத் தருகிறது. தமிழில் கிடையாது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களுக்கு ஆங்கிலம் ஒரு தடையில்லை. குறை வேறொன்று. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடப்பவரை மனதில் வைத்து இது செய்யப்படவில்லை. சொன்னதை அப்படியே செய்தால் சிலருக்குப் பலன் இருக்காது, சிலருக்கு ஆபத்தும் உண்டு. மாற்றிக்கொண்டு செய்தால், தூக்க மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கத் தகுந்தது.

செயலியின் உயிர் தூக்க நாட்குறிப்பில் இருக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், கண் அயர எவ்வளவு நேரமானது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்துக் கிடந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதைக் காலையிலேயே பதிந்துவிட வேண்டும். எட்டரை மணி நேரம் படுத்திருந்து ஐந்தரை மணி நேரமே தூங்கியிருந்தால் தூக்கத் திறன் சுமார் 65 சதவீதம். படுக்கும் நேரத்தைத் தூங்கும் அளவுக்குச் சுருக்குவதுதான் வைத்தியம். திறன் 85-ஐத் தாண்டினால் வாரம் 15 நிமிடம் கூட்டலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே சுருக்க வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களும், பைபோலார் எனும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

செயலியில் டயாலிசிஸுக்கென்று ஓர் இடமில்லை. பக்கத்தில் ஒரு தாள் வைத்து அன்று டயாலிசிஸ் உண்டா, எந்த ஷிப்ட், உடலிலிருந்து எத்தனை லிட்டர் நீர் எடுத்தார்கள், நாற்காலியில் எவ்வளவு தூங்கினீர்கள், இரவில் கால் பிடித்திழுத்ததா என்று எழுதுங்கள். இரண்டு வாரத்தில், கெட்ட இரவுகள் எந்த நாளை ஒட்டி வருகின்றன என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதல் ஷிப்ட்காரர்களுக்குச் சிக்கல் எழும் நேரத்தில் வருகிறது. டயாலிசிஸ் நாளில் நாலரைக்கு எழுந்து, மற்ற நாட்களில் எட்டு மணி வரை படுத்தால், வாரம் மூன்று முறை விமானமேறி நாடு மாறுவது போல உடல் குழம்பும். ஏழு நாளும் ஒரே நேரம் எழுவது நல்லது. முடியாவிட்டால் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆறு மணி நேரம் தூங்குகிறவர் நாலரைக்கு எழ வேண்டுமென்றால் பத்தரைக்குத்தான் படுக்கப் போக வேண்டும். எட்டரைக்கே படுத்துக் கொட்டக் கொட்ட விழித்திருப்பதில் பயனில்லை.

அடுத்தது நாற்காலித் தூக்கம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு) உள்ள கையை நீட்டி வைத்து, மறு கையில் பிரஷர் பட்டி அடிக்கடி இறுகித் தளர, குளிருக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டால் யாருக்கும் கண் சொக்கும். பகலில் தூங்காதே என்பது செயலியின் விதி. காலை ஷிப்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் தூங்கலாம், பிற்பகல் ஷிப்டில் வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு. தூங்கப் போவதை நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பிரஷர் இறங்கி மயங்குகிறவரும் தூங்குகிறவரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துவிடு என்ற விதியில் மிகுந்த கவனம் வேண்டும். டயாலிசிஸ் முடிந்த இரவில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம். காலைத் தரையில் ஊன்றி இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். விழுந்து பழக்கமுள்ள முதியவர்கள் நடமாட வேண்டாம், கட்டிலோரம் போட்ட நாற்காலியே போதும். இரவு முழுதும் சைக்ளர் மெஷினில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அப்படித்தான், குழாய் எட்டும் தூரத்துக்குள். எழுந்த கையோடு கெட்டிலைப் போடும் பழக்கமும் வேண்டாம். ரூய்போஸ் தேநீரில் கஃபீன் கிடையாது, ஆனால் அந்த ஒரு கோப்பையும் அன்று குடிக்க அனுமதித்த நீர்க் கணக்கில்தான் சேரும்.

எந்தச் செயலியும் தீர்க்காத காரணங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். படுத்ததும் காலில் குறுகுறுப்பு எழுந்து, நடந்தால் அடங்குகிறதா? இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா? தேங்கிய நீர் படுத்தபின் கழுத்துப் பக்கம் ஏறுவதும் இதற்கு ஒரு காரணம், உலர் எடையை, அதாவது கூடுதல் நீர் வெளியேறிய பின் இருக்க வேண்டிய எடையை, திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அரிப்பு என்றால் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இடம் கிடைப்பதே அரிது. டர்பனின் தியாகராஜ் சுப்ரமணி அதற்காக அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த் தோற்றது 1997-இல். கிடைத்த இடமே பெரிது என்று தூக்கத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். இருக்க வேண்டாம், கேளுங்கள்.

பலன் எவ்வளவு? டயாலிசிஸ் எடுப்பவர்களிடம் நடத்தை சிகிச்சையால் 2011-இல் ஒரு தைவான் ஆய்வு நல்ல முன்னேற்றம் கண்டது. 2024-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் டயாலிசிஸ் எடுக்கும் 126 பேரை மூன்று பிரிவாக்கி, வீடியோ வழி நடத்தை சிகிச்சை, தூக்கத்துக்குத் தரப்படும் டிராசடோன் மாத்திரை, மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் தூக்கமின்மை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. டிராசடோன் பிரிவில் மட்டும் கடுமையான இதயக் கோளாறுகள் கூடுதலாக வந்தன. ஆகவே இந்தச் செயலி அதிசயம் செய்யும் என்று சொல்ல மாட்டோம். மாத்திரையைவிட ஆபத்துக் குறைவு என்பதற்காகத்தான் முதலில் இதைச் சொல்கிறோம்.

தொடங்கும்போதும் ஐந்தாம் வார முடிவிலும் ஏழு கேள்விகள் கொண்ட தூக்கமின்மை அளவுகோலை (Insomnia Severity Index) நிரப்புங்கள். மொத்தம் 28 புள்ளி. ஆறு புள்ளி குறைந்திருந்தால் தொடருங்கள். அசையவே இல்லை என்றால் அதே அட்டவணையோடு இன்னொரு மாதம் மல்லுக்கட்ட வேண்டாம், தாளை எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.