25ஆவது கல்யாண நாளுக்கு நார்வே கரையோரக் கப்பல்

பிப்ரவரியில் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை ஆறு இரவுகள். 1893 முதல் ஆட்களும் சரக்குமாக ஓடும் தடம் இது, அதனால் ஆட்டம் பாட்டம் எதிர்பார்க்காதீர்கள், நடுராத்திரியிலும் ஏதோ ஒரு சின்னத் துறைமுகத்தில் நின்று சரக்கு இறக்குவார்கள், எங்களுக்கு அதுதான் பிடித்தது. நான்காம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் மேல்தளத்தில் ஒரு வேடிக்கைச் சடங்காகப் பயணிகளின் சட்டைக் காலருக்குள் ஐஸ் போடுகிறார்கள். வீட்டுக்காரர் சின்னப் பையனாய்ச் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ட்ரோம்சோ தாண்டிய இரவு அறை ஒலிபெருக்கியில் அறிவிப்பு வர, போர்வையோடு ஓடினோம், வானம் முழுக்கப் பச்சையாய்த் துருவ ஒளி (அரோரா)! மீன் அருமை. சைவத்துக்குத் தினமும் அதே உருளைக்கிழங்கு, முன்பே சொல்லியும் மாற்றவில்லை, அது வருத்தம்தான். வழியில் ஹுஸ்டாட்விகா என்ற கரைப் பகுதியில் திறந்த கடல், வாந்தி மாத்திரை கட்டாயம். ஜன்னல் உள்ள அறையே எடுங்கள்.