நிகழ்தகவுப் பயிற்சி: பாஸ்ட் பேப்பரா, பாடநூலா, போனா, புளியங்கொட்டையா?

சாதாரண தரக் கணிதத்தில் நிகழ்தகவு சின்னப் பாடந்தான். மனப்பாடம் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் போதும். ஆனாலும் முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் 10 புள்ளிக்கு அந்த வினா வந்து நிற்கும்போது, வட்டிக் கணக்கை மளமளவென்று செய்கிற பிள்ளைகூடப் பேனையைக் கடிக்கிறது. என்னென்ன நடக்கலாம் என்பதை முழுதாக எழுதிப் பாராமல் நேரே விடைக்குத் தாவுவதுதான் சிக்கல். "வரும், இல்லாட்டி வராது. அப்ப அரைவாசிதானே சேர்?" என்று கேட்கிற பிள்ளை இல்லாத வகுப்பு இல்லை.

வன்னியில் ஒரு பிள்ளைக்குக் கைக்கெட்டுகிற பயிற்சி வழிகள் நாலு. யானை நடமாடும் பாதையால் இருட்டின பிறகு ரியூசனுக்கு அனுப்ப யாரும் துணியாத ஊர்கள் இங்கே பல. ஆகவே வீட்டில் இருந்தே செய்யக்கூடியவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றிடமும் ஒரே கேள்விதான்: நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலான மாதிரி வெளியைப் பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கிறதா?

கடந்தகால வினாத்தாள்தான் எல்லாருக்கும் பிடித்தது. பத்து வருடத்துப் பேப்பரைச் செய்து முடித்தால் போதும் என்ற நம்பிக்கை கிளிநொச்சி தொடக்கம் புதுக்குடியிருப்பு வரை ஒரே மாதிரி. அதில் நியாயமும் உண்டு. பரீட்சையின் மொழி பழகும். 'எழுமாறாக' (பார்த்துத் தெரியாமல்), 'மீள வைக்காது' (எடுத்ததைத் திரும்பப் போடாமல்) போன்ற சொற்கள் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கண் பிடித்துவிடும். புள்ளியிடும் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதும் தெரியும். ஆனால் பல வினாக்களில், ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஒரு கிளை பிரித்துக் காட்டுகிற மர வரிப்படத்தின் பாதியை அவர்களே வரைந்து தந்துவிடுகிறார்கள். பிள்ளை செய்வது வெற்றுக் கிளைகளை நிரப்புவது மட்டும். எத்தனை கிளை வேண்டும், எங்கே பிரியவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை, அதாவது பாடத்தின் உயிரான வேலை, பிள்ளைக்கு வருவதே இல்லை. படம் இல்லாத வினா ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், விளங்கும்.

பாடநூல் அப்படியல்ல. அரசு இலவசமாகத் தருவதாலோ என்னவோ அதை யாரும் மதிப்பதில்லை. ஒற்றை நிகழ்ச்சியில் தொடங்கி இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது, நெய்யரியையும் (முதல் விளைவுகளைக் கிடையாகவும் இரண்டாம் விளைவுகளை நிலைக்குத்தாகவும் எழுதி, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு புள்ளி இடுகிற கட்டம்) மர வரிப்படத்தையும் பிள்ளையையே வரையச் சொல்கிறது. இந்த இரண்டில் முதலில் நெய்யரியைத்தான் பழக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு பையில் 3 சிவப்பு, 2 நீலப் பந்துகள். ஒன்றை எடுத்து, திரும்ப வைத்து, இன்னொன்றை எடுத்தால் நெய்யரியில் 25 புள்ளிகள். இரண்டும் சிவப்பாக இருப்பவை 9. விடை 9/25. திரும்ப வைக்காவிட்டால் அதே பந்து இரண்டாம் தடவை வரமுடியாது. மூலைவிட்டத்திலுள்ள 5 புள்ளிகளையும் வெட்டிவிடவேண்டும். மிச்சம் 20, அதில் சிவப்புச் சோடிகள் 6. விடை 3/10. மர வரிப்படத்தில் இதே கணக்கு 3/5 × 2/4 என்று ஒரு வரியில் முடியும். வேகம் அங்கேதான். ஆனால் அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதை அந்த மூலைவிட்டத்தை வெட்டின பிள்ளை மறக்காது. பாடநூலின் குறை, தனியே இருந்து செய்கிற பிள்ளைக்குப் பிழை எங்கே என்று அது சொல்லாது. அக்காவோ அண்ணாவோ பக்கத்தில் இருந்தால் நல்லது.

போனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் கிடைக்கின்றன. யூடியூபில் தேடினால் நிறைய வரும். ஆனால் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை, கலைச்சொற்களும் வேறு, 52 சீட்டுக் கணக்குகளும் தாராளம். விளங்காத ஒரு படியை நிறுத்தித் திரும்பப் பார்க்க வீடியோ உதவும். பயிற்சிக்கு உதவாது. நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற ஆப்கள் இன்னும் மோசம்: ஒன்றும் எழுதாமலே நாலுக்கு ஒன்று சரிவரும். அதுவும் ஒரு நிகழ்தகவுதான், போங்கள்.

நாலாவது வழியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவார்கள். ஒரு துணிப்பை, கொஞ்சம் புளியங்கொட்டை, லூடோப் பெட்டியில் இருக்கிற தாயக்கட்டை, ஒரு நாணயம். சில கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் இரண்டு நிறம் ஆயிற்று. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன? 18ஆம் நூற்றாண்டில் டி'அலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணிதவியலாளரே இதற்கு 2/3 என்று எழுதினார். முதல் நாணயத்தில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று வைத்து, தலை, பூ-தலை, பூ-பூ என்ற மூன்று சாத்தியங்களையும் சமமாக எண்ணிவிட்டார். சரியான விடை 3/4. கையால் சுண்டி எழுதுகிற பிள்ளைக்குத் தலை-பூ வேறு, பூ-தலை வேறு என்பது விரைவில் தட்டுப்படும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. 20 தடவை சுண்டினால் 10 தலை வரவேண்டும் என்று பிள்ளை எதிர்பார்க்கும். சரியாக 10 வர உள்ள நிகழ்தகவு ஏறத்தாழ 0.18 மட்டுமே. 7 வந்ததும் நாணயம் பழுது, இல்லாவிட்டால் பாடம் பொய் என்று முடிவெடுத்துவிடும். ஒருவர் செய்தால் போதாது; வகுப்பில் 30 பேர் 20 தடவை சுண்டி 600ஐயும் பலகையில் கூட்டினால் தலை விழுந்த பங்கு 0.5க்குப் பக்கத்தில் வரும் என்று நம்பலாம். சோடா மூடியைச் சுண்டச் சொல்லுங்கள்: அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, சமவாய்ப்பு என்று எடுக்க முடியாது, எறிந்து எண்ணித்தான் ஆகவேண்டும். இதைப் பேப்பர் சொல்லித்தராது.

சரி, எதை எடுப்பது? பத்தாம் ஆண்டுப் பிள்ளை என்றால் பையில் தொடங்கி உடனே பாடநூலுக்கு வரட்டும், பேப்பரைத் தொடவேண்டாம். பரீட்சைக்கு இரண்டு மாதந்தான் இருக்கிறது என்றால் பையை விட்டுவிடுங்கள். பாடநூலில் 'மீள வைத்து', 'மீள வைக்காது' என்று வருகிற கணக்குகளை மட்டும் நெய்யரியிலும் மரத்திலும் இரண்டு தடவை செய்து, பிறகு பேப்பர். பேப்பரிலும் தந்திருக்கும் படத்தைக் கையால் மறைத்துவிட்டுத் தானாக வரைந்து பார்க்கவேண்டும். 3/5ஐ 2/4ஆல் பெருக்கவே தடுமாறுகிற பிள்ளைக்கு இந்த நாலும் இப்போதைக்கு வேண்டாம்; கீழ் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பின்னத்தைப் பார்க்கட்டும்.