20 யூரோ ஷாம்பெய்ன் வேண்டாம்: ஆண்டு இறுதிக்கு எந்த நுரை ஒயின்?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் மலிவு ஷாம்பெய்னை வாசலருகிலேயே அடுக்கிவிடுவார்கள். 20 யூரோவை ஒட்டிய விலை, தங்கத் தாள், கேள்விப்படாத பெயர். அந்த அலமாரியில் காசுக்கு மிகக் குறைவாகத் திருப்பித் தருவது அதுதான். அதே பணத்தில் ஸ்பெயினின் நுரை ஒயினான காவாவில் நல்ல 'ரிசர்வா' ரகம் பெரும்பாலும் இரண்டு பாட்டில் கிடைக்கும்.

கணக்கு எளிது. ஒரு பாட்டில் ஷாம்பெய்னுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ திராட்சை வேண்டும். பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் கிலோ 6, 7 யூரோவுக்குப் பழம் விற்கிறது. பழத்துக்கே 7, 8 யூரோ போனபின் பாட்டில், கார்க், வரி, கடை லாபம் எல்லாம் கழிய, ஒயினைப் பக்குவப்படுத்த என்ன மிஞ்சும்? சட்டம் கேட்கும் குறைந்தபட்ச 15 மாதம் முடிந்ததும் கடைக்கு வந்துவிடுகிறது. குடித்தால் பச்சை ஆப்பிளின் புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும்.

காவாவும் ஷாம்பெய்ன் முறையில்தான் தயாராகிறது. இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. மக்கபேயோ, ஷரெல்லோ, பரெயாடா என்ற உள்ளூர்த் திராட்சைகளின் விலை குறைவு, அவ்வளவுதான். லேபிளில் பார்க்க வேண்டியது, ஈஸ்ட் வண்டலோடு எத்தனை மாதம் கிடந்தது என்பதை. சாதாரண காவாவுக்கு 9 மாதம், ரிசர்வாவுக்கு 18, கிரான் ரிசர்வாவுக்கு 30. 9 மாதத்தில் எலுமிச்சை வாசனைக்கு மேல் பெரிதாக எதுவும் வராது. 18 மாதத்தில் செத்த ஈஸ்ட் கரைந்து ரொட்டி மேலோடு, வறுத்த பாதாம் மணம் ஏறும், நுரையும் பொடியாகும். கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும் இடம் இந்த ரிசர்வாதான். சிலருக்கு இதில் லேசாக மண்வாசம் தட்டும். அது பிடிக்காதவர்கள் பிரான்ஸில் ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கு வெளியே அதே முறையில் தயாராகும் கிரெமான் பக்கம் போகலாம். ஷாம்பெய்ன் சாயலே வேண்டுமென்றால் பர்கண்டி வட்டாரத்தின் கிரெமான் தெ பூர்கோஞ். சார்டனே, பினோ நுவார் என்று திராட்சையும் அதேதான். அல்சாஸ் கிரெமான் மென்மையானது, முதல்முறை குடிப்பவருக்கும் ஒத்துவரும்.

இத்தாலியின் நுரை ஒயினான புரொசெக்கோ வேறு வகை. நொதித்தல் பெரிய தொட்டியில் நடப்பதால் பேரிக்காய் மணம் புதிதாக இருக்கும், ஆழம் இருக்காது. ஆரஞ்சு ஜூஸோடு கலக்க இது போதும், அதற்கு ரிசர்வாவை வீணாக்காதீர்கள். வாங்கினால் ஓராண்டுக்குள் குடித்துவிட வேண்டும்.

லேபிளில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்றிருந்தால் இனிப்பே இல்லை என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. 'ப்ரூட்' என்று போட்டதில் 12 கிராமுக்குள்தான். எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்கு ப்ரூட்டின் புளிப்பு அருமையாகப் பொருந்தும். மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் எக்ஸ்ட்ரா டிரையே நல்லது, காரத்தின் மேல் ப்ரூட்டின் நுரை எரியும். பிளம் கேக்குக்கு இரண்டும் சரிவராது. கேக்கின் இனிப்புக்கு முன் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். அங்கே இத்தாலியின் மொஸ்காத்தோ தஸ்தி எடுங்கள்: இனிப்பு, ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.

கடையில் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலை, முக்கியமாக ரோஸே என்ற இளஞ்சிவப்பு வகையை, விளக்குக்கு நேர் கீழிருந்து எடுக்காதீர்கள். ஒளி பட்ட ஒயினில் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்குவது மேல். ஒரு பாட்டில் 750 மில்லி, 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ். பத்துப் பேருக்குத் தலைக்கு இரண்டு கிளாஸ் என்றால் நான்கு பாட்டில்.

குளிர்விக்க ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம், அல்லது பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் அரைமணி. வெறும் பனிக்கட்டியில் குளிர் சீராக ஏறாது. ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கலாம். உள்ளே அழுத்தம் கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க் மேல் இருக்க வேண்டும். கம்பியைக் கழற்றாமல் பாட்டிலைச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் வாயைத் திருப்பி, கார்க்கை இறுக்கிப் பிடித்தபடி பாட்டிலைச் சுழற்றுங்கள். 'புஸ்' என்று மெல்லத் திறந்தால் சரி. பீறிட்டு வழிந்தால் குளிர் போதவில்லை, அல்லது பாட்டில் குலுங்கியிருக்கிறது.

கிளாஸில் நுரை எழவே இல்லையென்றால் பெரும்பாலும் குற்றம் சோப்பின் மேல். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். மிச்சமானதில் நுரை போகாமலிருக்க பாட்டில் வாயில் ஸ்பூன் செருகுவதால் எந்தப் பயனும் இல்லை. நுரை ஒயினுக்கென்றே விற்கும் கிளிப் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் இரவு வரை தாங்கும்.