கிருஷ்ணகிரில ஒரு சின்ன டிராவல்ஸ், நேபாளம் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: எங்க அனுபவம்

ரவுண்டானாவுல இருந்து பெங்களூரு ரோட்டுப் பக்கம் போனா மாடில ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் இருக்கு, ஒரே ஒரு தம்பிதான் நடத்தறாரு. கடை பேரு போடல, ஏன்னா கீழ ரெண்டு குறையும் எழுதப்போறேன், அது அவரோட பொழப்பு. ஆனா அவர் எங்களுக்கு பிளான் பண்ணிக் கொடுத்த விதத்தை நம்ம ஊர்ல வெளிநாடு போக ஆசைப்படறவங்க தெரிஞ்சுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்க வீட்ல மாங்கா மண்டி. ஏப்ரல்ல ஆரம்பிச்சா ஜூலை வரைக்கும் ராத்திரி பகல் தெரியாது, லீவுன்னு ஒண்ணு கிடைச்சா அது அதுக்கப்புறம்தான். நான், வீட்டுக்காரர், கொழுந்தனார் மூணு பேரும் ரொம்ப வருஷமா பேசிட்டு இருந்தது எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அதாவது உச்சி இல்ல, உச்சி ஏறறவங்க கிளம்பற அடிவார முகாம். எனக்கு 43 வயசு, அவருக்கு 48. நடக்கறதுக்கு பயம் இல்ல, ஆனா ராத்திரி தூங்க ஒரு கட்டில் வேணும், டாய்லெட் வேணும், காசும் கைக்குள்ள இருக்கணும், கடன் வாங்கி போற மாதிரி இருக்கக்கூடாது. முதல்ல பெங்களூருல ஒரு பெரிய கம்பெனில கேட்டோம், எங்க வயசக்கூட கேக்காம ஆளுக்கு இவ்ளோன்னு ஒரு பேக்கேஜ் அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் இந்த தம்பிகிட்ட போனோம்.

அவர் உக்கார வெச்சு முதல் கேள்வியே இதுதான் கேட்டாரு: "அக்கா, எதுல கஷ்டப்பட ரெடி, எதுல ரெடி இல்ல? அத மட்டும் சொல்லுங்க, காசு அப்புறம் பேசலாம்." நாங்க மூணு பேரும் மூணு விதமா சொன்னோம். குளிர் பரவால்லன்னு நான், குளிக்காம இருக்கமுடியாதுன்னு அவரு, எது வேணா ஓகே ஆனா 12 நாளைக்கு மேல மண்டிய விட்டு வரமுடியாதுன்னு கொழுந்தனார். அதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. பிளானிங் சார்ஜ் மூணு பேருக்கும் சேத்து 3,000 ரூபா, முன்னாடியே சொல்லிட்டாரு. நெட்ல எல்லாமே இருக்கே இதுக்கு எதுக்கு காசுன்னு எனக்கு அப்போ தோணுச்சு. இப்ப தோணல.

எவரெஸ்ட் வேணாம்னு சொன்னது அவர்தான். அது 5,364 மீட்டர், போய்ட்டு வர 12 - 14 நாள் வேணும், அதுக்கு மேல லுக்லா ஃப்ளைட் இருக்கு. எவரெஸ்ட் பக்கம் நடக்க ஆரம்பிக்கிற இடம் லுக்லா, மலை மேல இருக்கிற குட்டி ஏர்போர்ட்டு, மேகம் வந்தா ஃப்ளைட் நின்னுடும், ஒரு நாள் ரெண்டு நாள்னு அங்கயே உக்காரவேண்டி வரும், சீசன்ல பல ஃப்ளைட் காத்மாண்டுல இருந்தே கிளம்பாது, ராமேச்சாப்னு நாலஞ்சு மணி நேரம் தள்ளி இருக்கிற இடத்துக்கு நடு ராத்திரில வண்டி ஏறணும். "உங்ககிட்ட இருக்கிறதே 12 நாள், அதுல லுக்லா ரெண்டு நாள் தின்னுட்டா மலை ஏற நாள் இல்லங்கக்கா"ன்னாரு. நாலு காசு கமிஷன் அதிகம் கிடைக்கிற டிரிப்ப அவரே வேணாம்னு சொன்னது எனக்கு அன்னைக்கே பிடிச்சுப்போச்சு.

அடுத்து ரெண்டு இடம் வெச்சாரு. மலேசியால கினபாலு மலை, நேபாளத்துல அன்னபூர்ணா பேஸ் கேம்ப். உயரம் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அது 4,095, இது 4,130. ஆனா கினபாலு ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், கீழ நல்ல ஊரு, நல்ல ரோடு, நல்ல ஹோட்டல், மேல 3,200 மீட்டர்கிட்ட ஒரு ராத்திரி தங்கறதுக்கு மட்டும் தீட்டிடுவாங்க, ஏன்னா அங்க வேற இடமே இல்ல, பெர்மிட்டுக்கும் அளவு வெச்சிருக்காங்க. இன்னொன்னு, முதல் நாளே 1,866ல இருந்து 3,272 ஏறி அன்னைக்கு நடு ராத்திரியே உச்சிக்கு கிளம்பணும், உடம்பு உயரத்துக்கு பழக நேரமே கொடுக்காது. அன்னபூர்ணா அப்படி இல்ல, ஒரு நாளைக்கு ஆகற செலவு கம்மி, நாள் அதிகம், மெதுவா ஏறலாம், வழி நெடுக டீ ஹவுஸ்னு சொல்ற சின்ன லாட்ஜ் இருக்கு, டென்ட் தூக்க வேண்டாம். எங்களுக்கு ரெண்டாவதுதான்னு பத்து நிமிஷத்துல முடிவாச்சு.

இதுக்கு நடுவுல வீட்டுக்காரர் பாஸ்போர்ட் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுன்னு அப்பதான் பாத்தோம். தட்கல்ல போட்டா 3,500 ரூபா, அலைச்சல் வேற. தம்பி சிரிச்சுக்கிட்டே நேபாளத்துக்கு நம்மளுக்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட் இல்லன்னா ஒரிஜினல் வோட்டர் ஐடி இருந்தா போதும், ஃப்ளைட்லயே போலாம், ஆனா ஆதார் செல்லாதுன்னு சொன்னாரு. (ஆதார் நம்பி ஏர்போர்ட் வரைக்கும் போய் திரும்புறவங்க இருக்காங்களாம், தயவுசெஞ்சு ஞாபகம் வெச்சுக்கோங்க.) வீட்டுக்காரர் வோட்டர் ஐடிலயே போய்ட்டு வந்தாரு, ஒரு பிரச்சனையும் இல்ல.

இனி காசு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். எங்க செலவு பண்ணனும் எங்க பண்ணக்கூடாதுன்னு அந்த தம்பி பிரிச்ச விதம்தான் 3,000 ரூபாய்க்கு நாங்க வாங்கினதுன்னு நினைக்கிறேன். போகும்போது டெல்லில ரெண்டு மணி நேரம் மட்டும் நிக்கிற டிக்கெட் எடுங்க, காசு கூட ஆனாலும் பரவால்ல, ஏன்னா மலை ஏறப்போற உடம்பு ராத்திரி முழுக்க ஏர்போர்ட் சேர்ல உக்காரக்கூடாது, வரும்போது மட்டமான நேரத்து டிக்கெட் எடுத்துக்கலாம்னாரு. காத்மாண்டு டு பொக்காரா சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனா பஸ்ல ஏழு எட்டு மணி நேரம் ஆகும், ரோடு வேலை நடந்துட்டே இருக்கு. ஃப்ளைட்டு 25 நிமிஷம், இந்தியர்களுக்கு வெளிநாட்டுக்காரங்கள விட கம்மியா தனி ரேட்டு இருக்கு, அப்பவும் பஸ்ஸைவிட அஞ்சு மடங்குக்கு மேல. போறப்ப ஃப்ளைட், வர்றப்ப பஸ்னு போட்டாரு. வர்றப்ப பஸ்ல நல்லா தூங்கிட்டே வந்தோம், அவர் சொன்னது சரி.

ஷூ மட்டும் புதுசா வாங்கி ரெண்டு மாசம் போட்டு பழகணும், வாடகைக்கு எடுக்கவே கூடாதுன்னாரு. பெரிய ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் ரெண்டும் வாங்காதீங்க, கிருஷ்ணகிரி வெயில்ல அத எங்க போடப்போறீங்க, பொக்காரால வாடகைக்கு கிடைக்கும்னாரு, கிடைச்சுது, சுத்தமாவும் இருந்துச்சு. பழகறதுக்கு ஞாயித்துக்கிழமை காலைல கிருஷ்ணகிரி கோட்டை ஏறினோம், பையில தண்ணி பாட்டில் ஆறு வெச்சுக்கிட்டு. மத்த நாள்ல கேஆர்பி டேம் பக்கம் நடை. கோட்டை ஏறி இறங்கினதுதான் அங்க முட்டிய காப்பாத்துச்சு.

இன்சூரன்ஸ்ல ரொம்ப கறாரா இருந்தாரு. சாதாரண டிராவல் பாலிசில மலை ஏறறதுக்கு ஒரு உயரம் வரைக்கும்தான் கவர் ஆகும், சிலதுல டிரெக்கிங்கே கிடையாது. நாங்க போறது 4,130, அதனால அதுக்கு மேல எழுத்துல கவர் பண்ற பாலிசி, ஹெலிகாப்டர்ல இறக்கற செலவும் சேத்து இருக்கணும்னு ரெண்டு பாலிசிய படிச்சு பாத்துட்டு மூணாவத எடுத்துக் கொடுத்தாரு. விலை கம்மியா இருந்தத எடுக்கலாம்னு கொழுந்தனார் சொன்னதுக்கு முடியாதுன்னுட்டாரு.

கைடு, போர்ட்டர் ரெண்டும் கட்டாயம் போட்டாரு. 2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரங்க லைசென்ஸ் உள்ள கைடு இல்லாம டிரெக் போகக்கூடாதுன்னு நேபாளத்துல விதி போட்டிருக்காங்க. போர்ட்டர் விதில இல்ல, அது நாங்க காசு கொடுத்து வாங்கிக்கிட்ட சுகம். மூணு பேர் துணிமணியும் சேத்து ஒரு பை, அத அவர் தூக்கிட்டு வந்தாரு, எங்க முதுகுல சின்ன பை மட்டும். 20 கிலோவுக்கு மேல ஏத்தக்கூடாது, அவருக்கும் இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்கணும், நல்ல ஷூ போட்டிருக்காரான்னு பாக்கணும்னு தம்பி எங்களுக்கு சொல்லி அனுப்பினாரு. இத எந்த பெரிய கம்பெனியும் எங்ககிட்ட சொல்லல. மூட்ட தூக்கறவங்கள தினம் மண்டில பாக்கறவங்க நாங்க, அந்த வார்த்தை மனசுல நின்னுச்சு.

அன்னபூர்ணா பெர்மிட் மத்த நாட்டுக்காரங்களுக்கு 3,000 நேபாள ரூபா, இந்தியா மாதிரி சார்க் (தெற்காசிய கூட்டமைப்பு) நாட்டுக்காரங்களுக்கு 1,000தான். நம்ம 1 ரூபா அங்க 1.60, அப்போ நமக்கு 625 ரூபா. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துட்டுப் போங்க. பொக்காரால பல கடைல க்யூஆர்ல நம்ம யூபிஐ வேலை செய்யுது, ஆனா மேல போக போக கையில நேபாள நோட்டு இல்லாம ஒண்ணும் நடக்காது.

இப்ப டிரெக். பொக்காரால இருந்து ஜீப்ல போய் ஜினு பக்கம் ஒரு நீளமான தொங்கு பாலம் தாண்டி சோம்ரோங் ஏறினோம், அடுத்த நாள் டோவான், அதுக்கு அடுத்த நாள் தேவுராலி. சோம்ரோங்ல கல் படி கீழ இறங்கி ஆத்த தாண்டி திரும்ப ஏறணும், படின்னா சும்மா இல்ல, எண்ண முடியாது, வர்றப்ப அதே படிய ஏறியும் வரணும்னு நினைச்சுக்கிட்டே இறங்கறது கஷ்டம். தேவுராலி 3,200 மீட்டர், அங்க வீட்டுக்காரருக்கு தலவலி பிடிச்சிடுச்சு, சாப்பாடு இறங்கல. பெங்களூரு கம்பெனியோட அன்னபூர்ணா பேக்கேஜ்ல இங்க இருந்து அடுத்த நாளே நேரா பேஸ் கேம்ப், ஒரே நாள்ல 900 மீட்டர் ஏத்தம். 3,000 மீட்டருக்கு மேல தூங்கற உயரத்த ஒரு நாளைக்கு 500க்கு மேல கூட்டக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்றத தம்பி முன்னாடியே சொல்லி ஒரு காலி நாள் வெச்சிருந்தாரு. பிளான் போட்டப்ப நான் அந்த காலி நாளுக்கு எதுக்கு ஒரு ராத்திரி வாடகை, கைடு கூலின்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். அந்த நாள்தான் தேவுராலில உக்காந்து ரெஸ்ட் எடுத்தோம். கைடு விரல்ல மாட்டற மெஷின் வெச்சு ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு காலைலயும் சாயந்தரமும் பாத்தாரு, தலவலி குறையலன்னா கீழதான், மேல கிடையாதுன்னு தெளிவா சொல்லிட்டாரு. அடுத்த நாள் வீட்டுக்காரர் தெளிஞ்சு நல்லா சாப்ட்டாரு.

சாப்பாடுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். எல்லா லாட்ஜ்லயும் தால் பாத் உண்டு, சோறு, பருப்பு, கீரை, உருளக்கிழங்கு, கேக்க கேக்க போடுவாங்க, நம்மளுக்கு இதவிட என்ன வேணும். வீட்ல இருந்து மாங்கா ஊறுகாயும் பருப்பு பொடியும் கொண்டு போயிருந்தோம். ரூம் வாடகை கம்மியா வெச்சு சாப்பாட்டுலதான் அவங்க சம்பாதிக்கறாங்க, அதனால தங்கற இடத்துலயே சாப்பிடறதுதான் மரியாதை. டோவான்ல ஒரு அம்மா அடுப்புல எதையோ கட்டையால கிண்டிட்டு இருந்தாங்க, கிட்ட போய் பாத்தா நம்ம களி! கேழ்வரகு மாவுல அவங்க டிண்டோன்னு சொல்றாங்க, கூட புளிக்க வெச்சு காயவெச்ச கீரைல ஒரு குழம்பு. எங்க மாமியார் கிண்டற அதே வாசன. நானும் கட்டைய வாங்கி கிண்டினேன், அந்த அம்மா தீதி தீதின்னு (அக்கான்னு அர்த்தம்) சொல்லி சிரிச்சாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பேஸ் கேம்ப்ல தங்காம கீழ மச்சாபுச்சரே பேஸ் கேம்ப்ல, 3,700 மீட்டர்ல, தங்குங்கன்னு பிளான்லயே இருந்துச்சு. மேல குளிரும் அதிகம், கூட்டமும் அதிகம், தூக்கம் வராது. விடியக்காலைல நாலு மணிக்கு டார்ச் மாட்டிக்கிட்டு கிளம்பினோம், வாளித் தண்ணி ஐஸா இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு. வெயில் முதல்ல அன்னபூர்ணா உச்சில விழுந்து மெதுவா கீழ இறங்குச்சு, 8,091 மீட்டர், சுத்தி வட்டமா மலைங்க, நடுவுல நாங்க. மச்சாபுச்சரே 6,993 மீட்டர்தான், ஆனா அது சாமி மலை, யாரும் ஏற அனுமதி இல்ல, 1957ல ஏறின குழுகூட உச்சிக்கு கொஞ்சம் கீழயே நின்னு திரும்பிட்டாங்கன்னு கைடு சொன்னாரு. வீட்டுக்காரர் ஷூவ கழட்டிட்டு அந்த குளிர்லயும் கும்பிட்டாரு.

குறைங்க. ஒண்ணு, மேல போன் சார்ஜ் போட, சுடுதண்ணி குளியல், வைஃபை எல்லாத்துக்கும் தனித்தனி காசு, உயரம் ஏற ஏற ரேட்டும் ஏறும். இது அவர் கொடுத்த கணக்குல இல்ல, தினம் குளிக்கணும்னு வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லியும் எழுதல. மூணு பேருக்கு 6,000 ரூபா கிட்ட கூட ஆச்சு. ரெண்டு, காத்மாண்டுல டூரிஸ்ட் ஏரியாவான தாமேல்ல போட்டுக் கொடுத்த ரூம் ரோட்டப் பாத்தது, ராத்திரி ஒரு மணி வரைக்கும் பாட்டு சத்தம். போன் பண்ணப்ப எடுக்கல, காலைலதான் பேசினாரு, வருத்தம் சொன்னாரு, திரும்பி வர்ற ராத்திரிக்கு உள்பக்கம் ரூம் மாத்திக் கொடுத்தாரு. ராத்திரி எட்டு மணிக்கு மேல அவர் மெசேஜ் பாக்கறதில்ல, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இது சரியில்ல, நேர்லயும் சொல்லிட்டேன்.

மொத்த கணக்கு: 12 நாள், இங்க இருந்து பெங்களூரு ஏர்போர்ட் டாக்ஸி, டிப்ஸ் எல்லாம் சேத்து ஆளுக்கு 76,000 ரூபா வந்துச்சு. பெரிய கம்பெனி அன்னபூர்ணாவுக்கு கேட்டது 92,000, காத்மாண்டுலயும் பொக்காராலயும் பெரிய ஹோட்டல், ஆனா மலைல அஞ்சே நாள், போர்ட்டர் கிடையாது. சுகத்த கீழ ஹோட்டல்ல வெச்சுட்டு மலைல நாள குறைச்சிருக்காங்க, எங்க தம்பி அத அப்படியே திருப்பிப் போட்டாரு.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன். போறவங்க அக்டோபர் - நவம்பருக்கு ஆகஸ்ட்லயே போய் பாருங்க, டிக்கெட் அப்பதான் கைக்கு அடங்கும். ஆபீஸ் ஞாயித்துக்கிழமை லீவு, காலைல பத்தரைக்கு மேல போனா நிதானமா பேசுவாரு, எதுல கஷ்டப்பட ரெடின்னு வீட்லயே பேசி முடிவு பண்ணிட்டு போங்க, குளியலையும் சேத்து எழுதச் சொல்லுங்க.