கீழக்கரையில் சுண்ணாம்புப் பூச்சு வேலை: நாலு ஸ்டார்

நியூயார்க் குயீன்ஸில் ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971-ல் இறக்கும்வரை இருந்த வீட்டுக்கு மச்சான் கூட்டிப்போனார். ஜாஸ் எனக்கு விளங்காது. ஆனால் அந்த நீலப்பச்சை அடுப்படியை அப்படியே வைத்திருக்கிறார்களே! ஊர் திரும்பியதும் எங்கள் பழைய வீட்டுச் சுவர் உறுத்தியது. முன்பு ஒருவர் சிமெண்ட் பூசிவிட்டுப் போய், உப்பு பூத்துப் பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் கொத்தனார் அதை முழுக்கக் கொத்தி எடுத்தார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தார். தடவிப் பார்த்தால் முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பு. வாப்பா காலத்து நிலைவாசலில் ஒரு கீறல் விழவில்லை.

சொன்ன நாளுக்கு வரமாட்டார். ஒரு ஸ்டார் குறைச்சல் அதற்குத்தான். சாயா நேரத்துக்கு மட்டும் தவறமாட்டார்.