பக்கவாட்டுச் சந்தையைப் படிக்க ஒரு வகுப்பு: சார்ட்டின் வலது ஓரம் மட்டும் காலி

விலை ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரு வரம்புக்குள் ஊசலாடும் நாட்களில், பெரும் பணம் வைத்திருப்பவர்கள் பங்குகளைச் சேர்க்கிறார்களா, சத்தமில்லாமல் விற்று வெளியேறுகிறார்களா என்பதைச் சார்ட்டிலிருந்தே கண்டறியக் கற்றுத்தருவதாகச் சொன்ன ஓர் இணையவழி வகுப்பில் சேர்ந்து, அதன் பதிவுப் பாடங்கள் அனைத்தையும் பார்த்து முடித்தேன்.

அடித்தளம் பழையது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆய்வாளர் ரிச்சர்ட் வைக்காஃப் (1873–1934) வகுத்த முறையைத்தான் ஆசிரியர் பின்பற்றுகிறார். பீதி விற்பனை உச்சத்தைத் தொடுவது, அதைத் தொடர்ந்து விலை துள்ளி எழுவது, பிறகு பழைய அடிமட்டத்துக்கே வந்து சோதித்துப் பார்ப்பது என்ற வரிசையில் சப்போர்ட்டும் (விலை இறங்காமல் தாங்கும் மட்டம்) ரெசிஸ்டன்ஸும் (விலை ஏறாமல் தடுக்கும் மட்டம்) எப்படி உருவாகின்றன என்பதை அவர் நிதானமாக விளக்குகிறார். இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதே சார்ட் படிப்பது என்று எண்ணியிருந்த எனக்கு இது பயன்பட்டது.

வகுப்பின் உயிர் ‘ஸ்பிரிங்’ பற்றிய பாடம். 100-க்கும் 110-க்கும் இடையே உலவும் ஒரு பங்கு, ஒரு நாள் 98 வரை சரிந்து, 100-க்குக் கீழே ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தத் தானாக விற்கும் ஆணை) வைத்திருந்தவர்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, 101.50-இல் முடிகிறது. இங்கேயே வாங்கிவிடத் தோன்றும். ஆசிரியர் அந்த நாளின் விலை நகர்வைக் காட்டும் கேண்டிலில் நிறுத்தி, சில நாட்கள் கழித்து விலை மறுபடியும் 99-ஐ நெருங்கும்போது வால்யூம் (கைமாறிய பங்குகளின் அளவு) என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். வால்யூம் வற்றியிருந்தால் விற்பதற்கு ஆள் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்; கொழுத்திருந்தால் சரக்கு இன்னும் தீரவில்லை, கை வைக்கக்கூடாது. இதன் எதிர்ப்பக்கமான ‘அப்த்ரஸ்ட்’, அதாவது 110-ஐத் தாண்டுவதுபோல் ஆசைகாட்டி உள்ளே திரும்பும் நகர்வு, அவசரமாகக் கடந்துபோகிறது. பிரேக்அவுட் (வரம்பை உடைத்து வெளியேறுவது) என்று நம்பிப் பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான் என்பதால் எனக்கு வருத்தமே.

போக்கின் வலுவை அளக்கும் ஏடிஎக்ஸ் 20-க்குக் கீழே இருந்தால் போக்கு வலுவற்றது, ஜோசப் கிரான்வில் 1963-இல் பரப்பிய ஓபிவி (விலை ஏறிய நாளின் வால்யூமைக் கூட்டி, இறங்கிய நாளின் வால்யூமைக் கழித்துப் போடும் கோடு) விலைக்கு முந்தி நகரக்கூடும் என்பன போன்ற துணைப் பாடங்கள் குறையில்லாதவை, புதுமையும் இல்லாதவை.

பெருங்குறை வேறு. காட்டப்படும் சார்ட்டுகள் எல்லாமே முடிந்துபோன கதைகள். விலை எந்தப் பக்கம் போனது என்று தெரிந்த பிறகு, அதற்கு முந்தைய வரம்பைச் சேகரிப்பு (பெரும் பணக்காரர்கள் வாங்கிச் சேர்ப்பது) என்றோ விநியோகம் (விற்று வெளியேறுவது) என்றோ பெயரிடுவது எவருக்கும் எளிது. ரீப்ளே வசதியில் வலது பக்கத்தை மறைத்து, 20 பழைய சார்ட்டுகளைக் கேண்டில் கேண்டிலாக நகர்த்திப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றில், வரம்பு உடையும்வரை இரண்டு விளக்கங்களும் சம அளவில் பொருந்தின. இந்தச் சந்தேகத்தோடு எப்படி வாழ்வது, எவ்வளவு சிறிய தொகையோடு நுழைவது, எந்த விலையில் கணிப்பு தவறென்று ஒப்புக்கொள்வது என்பதற்கெல்லாம் ஒரு பாடமும் இல்லை.

இன்னொன்று, நாணயச் சந்தை சார்ட்டிலும் அதே வால்யூம் விளக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். உடனடி நாணய வர்த்தகத்துக்கு ஒரே மையப் பரிமாற்றகம் கிடையாது. திரையில் தெரிவது பெரும்பாலும் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையே தவிர, கைமாறிய மொத்த அளவு அல்ல. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, மேல்நிலை வகுப்பின் கட்டண விவரம் வந்தது.