இறாலுக்கு விலை சொல்வது யார்? அமெரிக்கா, சீனா, வளைகுடா: ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

2025 ஆகஸ்ட் கடைசி வாரம், தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு வனாமி இறால் பண்ணையின் கரையில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது கவுண்ட் (கிலோவுக்கு நாற்பது) இறால், மறுநாள் பிடிக்க வேண்டியது. வியாபாரி போனில், "அண்ணே, ஒரு வாரம் பொறுங்க, கம்பெனியில ரேட்டே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார். மனிதன் பொறுப்பான், குளம் பொறுக்குமா? தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரியேட்டர் சுற்றியாக வேண்டும், தீவனம் போட்டாக வேண்டும். பண்ணைக்காரர், தீவனம் தின்கிறதா என்று பார்க்கும் செக்டிரே தட்டைத் தூக்கி, துள்ளிய இறாலைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

காரணம் இதுதான்: அந்த ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம். அதில் பாதி, நாம் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு (ஆன்டி-டம்பிங்) வரி தனி. போட்டிக்கு நிற்கும் ஈக்வடாருக்கு அப்போது 15 சதவீதம்தான். நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அந்தத் தண்டனையே இருக்கவில்லை.

மேற்கின் ஆதிக்கம் சரிகிறது என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 1999-ல் 70 சதவீதத்துக்கு மேல், 2024-ல் 58-க்குப் பக்கம். இந்தியா, சீனா, ரஷ்யா முதலான நாடுகளின் பிரிக்ஸ் கூட்டணியில் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், அமீரகம், இந்தோனேசியா எல்லாம் சேர்ந்துவிட்டன. 1795-ல் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பதவியிறக்கிச் சிறைவைத்த சீமை இது. மேற்கு தளர்ந்தால் இங்கே ஒரு நிம்மதி எழுவது எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த இடத்துக்கு வருகிறவர் நமக்கு என்ன தருவார் என்பதைக் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

விலையில் அமெரிக்காவை மிஞ்ச இன்னும் ஆளில்லை. 2024-25-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 745 கோடி டாலர். அமெரிக்கா வாங்கியது 271 கோடி டாலருக்கு, சீனா சுமார் 128 கோடிக்கு. ஆனால் எடையில் சீனாதான் அதிகம் வாங்கியது. சராசரி போட்டால் கிலோவுக்கு அமெரிக்கா கொடுத்தது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. காரணம் சாதாரணமானது. அமெரிக்காவுக்குப் போவது பெரும்பாலும் தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்த இறால். அந்த வேலை இங்கே நம் பெண்களின் கையில் நடக்கிறது. நண்டும் அப்படித்தான். மண்டபம் பக்கத்து நண்டு கம்பெனியில் ஒரு அக்கா, அவித்த நீலக்கால் நண்டின் நெஞ்சுச் சதையை உடையாமல், ஓட்டுத் துணுக்கு ஒட்டாமல் பிரித்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முழுசாக வந்தால் ஒரு தரம், உடைந்தால் வேறு தரம், வேறு விலை. சீனாவுக்குப் போகும் சாவாளை மீனும் தலையோடு இறாலும் உறையவைத்து அப்படியே கப்பல் ஏறுகின்றன. மிச்ச வேலையும் அதன் கூலியும் அங்கே.

ஆனால் ராமேஸ்வரம் விசைப்படகுக்காரருக்கு அந்த அமெரிக்க விலையால் பயனில்லை. இழுவலையில் ஆமை தப்பிக்கும் சாதனம் இல்லை என்று 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. பண்ணை இறால் மட்டும்தான் போகிறது. இதை மேற்கின் அடாவடி என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மன்னார் வளைகுடா ஆமை நம்முடையது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தச் சாதனத்தை நாமே பொருத்தியிருக்க வேண்டும்.

சரி, சீனா நிபந்தனை போடாத நல்ல வியாபாரியா? கொரோனா காலத்தில், பெட்டிமேல் கிருமி இருந்தது என்று பல இந்திய ஏற்றுமதியாளர்களை அது நிறுத்திவைத்தது. 2023 ஆகஸ்டில் ஜப்பானின் கடல் உணவு முழுவதையும் ஒரே நாளில் தடுத்தது. கதவை அடைக்கும் கலை வாஷிங்டனுக்கு மட்டும் சொந்தமில்லை. அப்புறம், சீனா நமக்கு வெறும் சந்தை இல்லை, அக்கம்பக்கத்துக்கே வந்துவிட்ட சக்தி. ராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் மின்திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குத்தான் முதலில் போனது. இந்தியா எதிர்த்து, பிறகு தானே பணம் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணம் அரியாலையில் சீன முதலீட்டில் கடல் அட்டைக் (கடலடியில் வாழும் மெல்லுடல் உயிரி) குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. இங்கே 2001 முதல் அட்டைக்குத் தடை, தொட்டால் வழக்கு. ஒரே கடல், ஒரே அட்டை. தடை வேண்டுமா என்பது தனி விவாதம். கடன் நெருக்கடியில் 2022-ல் திவாலான இலங்கையிடம் தன் கடலில் யாரை விடுவது என்று பேரம் பேச எவ்வளவு பலம் இருந்தது என்பதுதான் என் கவலை.

வளைகுடாவின் கதை வேறு. அங்கே நாம் அனுப்புவது ஆட்களை. கீழக்கரையில் சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போனவர்) இல்லாத வீட்டைத் தேட வேண்டும். துபாயில் இருபது வருஷம் இருந்து திரும்பிய காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், "அமெரிக்கா விழுந்தா என்னப்பா, நமக்கு திர்ஹம் இருக்கு" என்றார். அமீரக நாணயமான அந்த திர்ஹமோ 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டது. டாலர் ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடும். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், அமீரகத்தின் பங்கு 19.2. வளைகுடாவின் மொத்தப் பங்கு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. காக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் வீடெல்லாம் அரபுப் பணத்தில் எழும்பியவை, அவர் எப்படி நம்புவார்?

ரூபாயிலேயே வியாபாரம் செய்யலாமே என்கிறார்கள். 2023-ல் அமீரகத்தோடு அதற்கான ஒப்பந்தம் ஆனது. நல்ல தொடக்கம். ஆனால் எண்ணெய் விற்று ரூபாய் சேர்த்த ரஷ்யா, அதைவைத்து நம்மிடம் வாங்கப் போதிய சரக்கு இல்லாமல் திண்டாடியது. சரக்கு இல்லாத நாட்டின் நாணயத்தை யாரும் பெட்டியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கூலிக்கும் விலைக்கும் இன்றைக்கு அமெரிக்கா, அது மூடும் நாளுக்குச் சீனா, குடும்பச் செலவுக்கு வளைகுடா. மூன்றில் எதையும் நண்பன் என்று நம்பமாட்டேன். 2025-ல் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் அமெரிக்கா பேச்சுக்கு இறங்கியது. வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று கையில் இருந்ததால் அது நடந்தது. நம் இறாலுக்கு ஈக்வடார் இருக்கிறது, வியட்நாம் இருக்கிறது. அதனால் நமக்கு வேண்டியது காத்திருக்கும் தெம்பு: இந்தக் கரையிலேயே குளிர்பதனக் கிடங்கு, உறையவைக்கும் ஆலை, வனாமியை மதுரையிலும் கோவையிலும் வாங்கிச் சாப்பிடும் ஆட்கள்.

தொண்டிப் பண்ணைக்காரர் ஆறாம் நாள் இறாலைப் பிடித்துவிட்டார். ரேட் இன்னும் வந்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியில் அடுக்கி, விடிவதற்குள் லாரியில் தூத்துக்குடிக்கு ஏற்றினார். இங்கே வைத்திருக்க அவருக்கு இடமில்லை.